ஒரு செமஸ்டரா, மூன்று வாரமா? வெளிநாட்டில் பண்பாடிடைத் தொடர்பாடல் படிப்பது பற்றி

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போது இரண்டு விண்ணப்பப் படிவங்கள் ஒரே வாரத்தில் என் கைக்கு வந்தன. ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான இராஸ்மஸ் பிளஸின் கீழ் ஜேர்மனியில் ஒரு செமஸ்டர், ஏறக்குறைய ஐந்து மாதம். மற்றது, அதே நாட்டின் வேறொரு நகரில் மூன்று வாரக் கோடைக்கால வகுப்பு. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: பண்பாடிடைத் தொடர்பாடல், அதாவது வெவ்வேறு பழக்கங்களில் வளர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது பொருள் எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று ஆராயும் துறை. நான் செமஸ்டருக்குப் போனேன். பண்டாரவளைப் பக்கத்தைச் சேர்ந்த என் வகுப்புத் தோழி மூன்று வாரத்துக்குப் போனார். இப்போது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தங்கச்சிமாரும் தம்பிமாரும் "அக்கா, எதுக்குப் போடுறது?" என்று ஒவ்வொருவராகக் கேட்பதால், எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் செமஸ்டரின் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையான வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். மூன்று வார வகுப்பு விடுமுறைக்குள் முடிந்துவிடும், பரீட்சை தவறாது, குறுகிய கால ஷெங்கன் வீசா போதும். செமஸ்டருக்கு, நீண்ட காலம் தங்குவதற்கான நாட்டு வீசா வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் சந்திப்புக்கு நேரம் கிடைக்கவே நெடுநாள் காத்திருக்க நேரலாம் என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். கட்டணம் மட்டும் தலைகீழாக இருக்கிறது: ஷெங்கன் வீசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ, நாட்டு வீசாவுக்கு 75 யூரோ. விமானச் சீட்டின் விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. புலமைப்பரிசில் இல்லாமல் செமஸ்டருக்குப் போவதென்றால், மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் முடக்கக் கணக்கொன்றில், அதாவது மாதாமாதம் குறித்த தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், பணம் காட்ட வேண்டும். ஐந்து மாதத்துக்கு அது 4,960 யூரோ. தோட்டத்துப் பிள்ளைகளில் அப்படிக் காட்டக்கூடியவர் ஒருவரையும் நான் அறியேன் என்பதால், இங்கே பேசுவது புலமைப்பரிசிலோடு போகும் செமஸ்டரைப் பற்றி மட்டுமே.

பாடத்திட்டத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. குறிப்பால் உணர்த்துவது உயர்சூழல், சொற்களிலேயே சொல்லிவிடுவது தாழ்சூழல் என்று மானிடவியலாளர் எட்வர்ட் ஹோல் 1976 இல் வகுத்துத் தந்த பிரிவும், பண்பாட்டு வேறுபாட்டை ஒருவர் எதிர்கொள்ளும் விதத்தை மறுப்பில் தொடங்கி ஒருங்கிணைவில் முடிக்கும் மில்டன் பென்னட்டின் ஆறு படிநிலைகளும் இரண்டு வகுப்புகளிலும் வந்தன. இவற்றைப் படிக்க விமானம் ஏறத் தேவையில்லை. நாவலப்பிட்டியில் இருந்தபடியே படிக்கலாம். ஆகவே தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று, அது எங்கே, யாரோடு, எந்த நிலையில் குடியிருக்கிறோம் என்பது. விளம்பரத் தாள்களில் கடைசி வரியில் வரும் இந்த விடயத்தைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தோழி தங்கியது விடுதி ஒன்றில், பன்னிரண்டு நாடுகளிலிருந்து வந்த மாணவர்களோடு. காலை உணவு மேசைக்கு வரும், மாலையில் வழிகாட்டி வருவார். நான் தங்கியது மாணவர் குடியிருப்பில் ஐந்து அறைகளும் ஒரு பொதுக் குசினியும் கொண்ட வீட்டில். ஜேர்மன் பெண்கள் இருவர், துருக்கிக்காரர் ஒருவர், மெக்சிக்கோக்காரர் ஒருவர், நான். குளிர்பெட்டிக் கதவில் துப்புரவு அட்டவணை ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை குப்பை என் பொறுப்பு. வட்ஸ்அப்பில் விபரம் கேட்ட அம்மா, "அங்கயும் லயம் மாதிரித்தானா புள்ள?" என்றார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். முழுவதும் பிழையான கேள்வி அல்ல.

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை நான் குசினியில் செத்தல் மிளகாய் தாளித்தேன். வெளியே குளிர், நம் ஊரில் பனி இறங்கினால் செய்வதுபோல் கதவையும் சன்னலையும் இறுக்கிச் சாத்தியிருந்தேன். மறுநாள் காலை குளிர்பெட்டிக் கதவில் சிறிய மஞ்சள் தாள் ஒன்று இருந்தது: "அன்பானவர்களே, சமைக்கும்போது தயவுசெய்து சன்னலைத் திறந்து வையுங்கள். நன்றி." பக்கத்தில் சிரித்த முகம் ஒன்று வரையப்பட்டிருந்தது. அந்தச் சிரிப்பை நான் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு எழுத்து எதைக் குறிக்கும் என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதற்கு மேலே கூரை வரை இடைவெளி. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை நம் கண்ணைக் கரித்தால் படுத்த இடத்திலிருந்தே "ஏன் அக்கா, என்னா பொகை!" என்று குரல் கொடுப்போம், அங்கிருந்து ஒரு பதில் வரும், விடயம் அத்தோடு முடிந்தது. தாளில் எழுதி வருவது தோட்ட ஆபிசிலிருந்து மட்டும்தான். அது வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கும். கடுதாசி வந்த வீட்டில் அன்று சோறு இறங்காது. ஆகவே அந்த மஞ்சள் தாள் எனக்கு ஆபிஸ் கடுதாசி. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு வாயால் சொல்லாமல் எழுதி ஒட்டுகிறார்கள் என்றால் என்னோடு பேசவே விரும்பவில்லை என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து எல்லோரும் உறங்கிய பிறகு சமைக்கத் தொடங்கினேன்.

ஆறாவது வாரத்தில்தான் அது உடைந்தது. அதற்கும் என் துணிவு காரணமல்ல. வகுப்புக்குப் புறப்படும்போது பழக்கத்தில் "போயிட்டு வாரேன்" என்பதை ஆங்கிலத்தில் "வருகிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உடனே திரும்பி வரப்போகிறேன் என்று எண்ணிப் பலமுறை கதவருகே காத்து நின்ற ஜேர்மன் தோழி, ஒருநாள் பொறுக்காமல் ஏன் என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் சூட்டில் நான் மஞ்சள் தாளைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். முகத்துக்கு நேரே சொன்னால் புதிதாக வந்த எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பெயர் குறிப்பிடாமல் எழுதினாராம். சிரித்த முகம் வரைந்தது கோபமில்லை என்று காட்டவாம். சன்னல் விடயம்கூட மிளகாய் நெடியால் அல்ல. சமையல் ஆவி வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டை விடும்போது முற்பணத்தில் கைவைப்பார்கள். அதனால் கடும் பனியிலும் ஐந்து நிமிடம் சன்னலை அகலத் திறப்பது அங்கே வழக்கம்.

மூன்று வாரத்தில் திரும்பியிருந்தால் நான் அந்த மஞ்சள் தாளைக் கண்ட நாளின் கோபத்தோடு விமானம் ஏறியிருப்பேன், அந்தக் கோபத்தையே அனுபவ அறிவு என்று இங்கு வந்து வகுப்பெடுத்திருப்பேன். மூன்று வாரத்துக்குப் போன தோழி திரும்பி வந்து சொன்னது, "ஜேர்மன்காரர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்" என்பது. பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. என் குசினியில் நடந்ததோ அதற்கு நேர்மாறு: நேரே குரல் கொடுத்துப் பழகியவள் நான், சுற்றி வளைத்துச் சொன்னவர் அந்த ஜேர்மன் தோழி. பாடநூல் பிழை என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். பிழை செய்த குசினியிலேயே மறுநாளும் சமைத்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால்தான் எது எங்கே பொருந்தும் என்று தெரிகிறது என்பதே நான் கண்டது.

நாட்கணக்கு மட்டும் இதைத் தராது. இரு தரப்பார் பழகுவதால் தப்பெண்ணம் குறைய வேண்டுமென்றால் அவர்கள் அந்தச் சூழலில் சம நிலையில் இருக்க வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இல் எழுதினார். பொது நோக்கம், ஒத்துழைப்பு, மேலிடத்து ஆதரவு ஆகியவை அவருடைய மற்ற மூன்று நிபந்தனைகள். மலையகத்தாருக்கு இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே நாள் தவறாத தொடர்பு தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது, அந்தத் தொடர்பால் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்துகொண்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். விருந்தாளியும் சமமானவர் அல்லர். மூன்று வார வகுப்பில் தோழியை எல்லோரும் அன்போடு உபசரித்தார்கள், ஆனால் குப்பையைக் கொண்டுபோகச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு வியாழக்கிழமை மறந்தபோது கேட்டார்கள். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

என் பக்கத்து வாதத்தில் ஓட்டைகளும் உண்டு. அமெரிக்கா சென்ற நோர்வே புலமையாளர் சுமார் இருநூறு பேரை வைத்துச் சமூகவியலாளர் லிஸ்கார்ட் 1955 இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் அங்குள்ள வாழ்க்கையோடு நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். இடறியவர்கள் ஆறு முதல் பதினெட்டு மாதம் இருந்தவர்கள். அந்தக் கணக்கில் என் ஐந்து மாதமும் அந்த இடறல் பள்ளத்துக்கு முந்திய மேட்டில்தான் சேரும். எனக்கோ பள்ளம் நவம்பரிலேயே வந்தது, நாலரை மணிக்கு இருட்டத் தொடங்கிய நாட்களில். அடுத்தது, வெளிநாட்டில் படித்த அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2009 இல் வெளியான ஜார்ஜ்டவுன் கூட்டாய்வு. வெறுமனே வெளிநாட்டில் இருப்பதைவிட, கூடவே இருந்து அனுபவத்தை எடுத்துப் பேச வைக்கும் வழிகாட்டி ஒருவர் இருப்பது முக்கியம் என்று அது காட்டியது. அப்படிப் பார்த்தால் தினமும் மாலையில் வழிகாட்டியோடு உட்கார்ந்த தோழிக்கு என்னைவிட ஒரு வசதி அதிகம். எனக்கு ஒரு குறிப்பேடு மட்டுமே இருந்தது. அதே ஆய்வில், உள்ளூர்க் குடும்பத்தோடு குடியிருந்ததாலேயே பயன் வந்துவிடவில்லை, அவர்களோடு நேரம் செலவழித்தவர்களே முன்னேறினார்கள். எல்லோரும் உறங்கிய பின் சமைத்த என் மூன்று வாரங்களை அந்தக் கண்ணால் பார்த்தால், அவை ஜேர்மனியில் கழித்த நாட்களே அல்ல.

கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு, விடயத்தில் செமஸ்டர் என்னைக் கடித்தது. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணி நேர வேலை. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒன்று 50 மணி நேரம். நான் அங்கே எடுத்த 24 இங்கே 12 முதல் 14 வரை ஆகியிருக்க வேண்டும், ஒன்பதைத்தான் ஏற்றார்கள். போன பிறகு பாடம் ஒன்றை மாற்றிவிட்டு, எடுக்கும் பாடங்களைக் குறித்து மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் ஒப்பமிட வேண்டிய கற்றல் ஒப்பந்தத்தைத் திருத்தி வாங்காமல் விட்டது என் தவறு. அதை நினைவூட்டும் ஒரு மின்னஞ்சல்கூட இங்கிருந்து வராதது அவர்கள் தவறு. ஒரு பாடத்தை மறுபடி எழுதினேன்.

இந்தியாவுக்கு மூன்று வருடப் பட்டப்படிப்புக்குப் போவது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசிலில் சென்னையில் படித்த என் சித்தி மகன், மொழி ஒன்றாக இருப்பதுதான் அங்கே கஷ்டம் என்பான், இலங்கை என்றதும் "யாழ்ப்பாணமா?" என்பார்களாம், மலையகம் என்று ஒன்று இருப்பதை வருடம் முழுவதும் விளக்க வேண்டியிருந்ததாம். நான் அங்கே வாழ்ந்ததில்லை என்பதால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். வெளிநாடே போகாமல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிங்கள அறைத்தோழியோடு நான்கு வருடம் ஒரே அறையில் இருப்பதும் இந்தப் படிப்புத்தான். அமெரிக்கக் கல்லூரிகள் சில கூட்டாக நடத்திய ஐ.எஸ்.எல்.ஈ. திட்டத்தில் மாணவர்கள் கண்டிக்கு வந்து உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கித்தான் இதைப் படித்தார்கள்.

வீட்டில் நோயாளி இருப்பவர், தம்பி தங்கையின் படிப்பைத் தாங்குபவர், ஐந்து மாதம் விலகி இருக்க முடியாதவர் ஆகியோருக்கு மூன்று வாரமே சரி. அவர்கள் ஏற்பாட்டாளருக்கு எழுதி, விடுதிக்குப் பதிலாகக் குடும்பத்தோடு தங்க வழி உண்டா, மாலைக் கலந்துரையாடல் உண்டா என்று முதலில் கேட்கட்டும். செமஸ்டருக்குப் போடுபவர்கள், தெரிவுக் கடிதத்துக்குப் பின் வரும் தங்குமிடப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள். தனிக் குசினியுள்ள அறை, பொதுக் குசினியுள்ள அறை என்று இரண்டு பெட்டிகள் அதில் இருந்தன. நான் முதலில் தனிக் குசினிக்கே அடையாளம் இட்டிருந்தேன். அந்த வகை அறைகள் முடிந்துவிட்டன என்று பதில் வந்தது.