வைன்: விரலை எடுத்தால் வெட்டு

"ஆறு விநாடியில் என்னதான் எடுக்க முடியும்? இன்னும் வைனைப் பற்றியே பேசுகிறாயே" என்று நண்பன் கேட்டான். அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது.

வைன், ஆறு விநாடி வீடியோ எடுத்துப் பகிர்வதற்கான கைபேசிச் செயலியாக இருந்தது. 2013 ஜனவரியில் ஐபோனுக்கு வந்தபோது அதில் எடிட்டிங் என்று தனியாக எதுவும் கிடையாது. திரையில் விரலை வைத்தால் பதிவாகும், எடுத்தால் நிற்கும். மறுபடி வைத்தால் அடுத்த ஷாட். மேலே பச்சைக் கோடு நிறைந்தால் நேரம் தீர்ந்தது. எங்கே வெட்டுவது என்பதை எடுக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். கைபேசியில் படமெடுக்கப் பழக இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் ஸ்டாப் மோஷன். ஒரு பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி நடக்க வைத்துவிடலாம். முந்தைய காட்சியை மங்கலாகக் காட்டும் 'கோஸ்ட்' வசதி பிறகு வந்தது, இந்த வேலைக்குப் பெரிய உதவி.

அப்புறம் லூப். முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும். கடைசி ஃபிரேம் முதல் ஃபிரேமோடு ஒட்டுகிற இடம் தெரியக் கூடாது, அதில்தான் மொத்தத் திறமையும். கதவு வழியே வெளியே போகிறவர் அதே கதவு வழியே உள்ளே வருவார். கடைசித் தாளம் சரியாக முதல் தாளத்தில் போய் விழும். நன்றாக அமைந்துவிட்டால் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்போம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அசத்தலாகச் செய்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது, வைனை நடத்தியவர்களே அந்த ஆறு விநாடியைக் காப்பாற்றவில்லை என்பதில்தான். 2013 ஜூனில் இன்ஸ்டாகிராம் 15 விநாடி வீடியோவோடு வந்தது; போட்டி கடுமை, ஒப்புக்கொள்கிறேன். வைனில் பெயர் வாங்கியவர்கள் வருமானம் தேடி யூடியூப் பக்கம் போனதிலும் தப்பில்லை. 2014ல் வெளியே எடுத்த வீடியோவையும் ஏற்றலாம் என்றார்கள். நியாயமாகச் சொன்னால், அதற்குப் பிறகு தரம் கூடியது. ஆனால் 2016 ஜூனில் 140 விநாடி வரை நீட்டினார்களே, அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவ்வளவு நீள வீடியோவுக்கு வேறு இடங்கள் இல்லையா? மூடப்போவதாக அதே வருடம் அக்டோபரில் அறிவித்தார்கள். 2017 ஜனவரி 17ல் அது வெறும் 'வைன் கேமரா' ஆனது: ஆறரை விநாடி எடுத்துக் கைபேசியில் சேமிக்க முடிந்தது, இல்லை ட்விட்டரில் போட முடிந்தது, அவ்வளவுதான்.

வைனைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் ஹாஃப்மன் 2020ல் 'பைட்' என்று அதே மாதிரி ஒரு செயலியைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே அது கைமாறியது. நான் நிறுவவே இல்லை. வைன் அதே பெயரில் நாளைக்கே வந்தாலும் நிறுவ மாட்டேன். இத்தனை அருமையான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான்கே வருடத்தில் கடையை மூடினார்கள். மறுபடி போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.