வார இறுதிக்குச் சென்னை வருவோர் தாம்பரத்தில் தங்கலாமா?

தென்மாவட்டங்களிலிருந்து ஒரு திருமணத்துக்கோ, தேர்வுக்கோ, மருத்துவரைப் பார்ப்பதற்கோ சனிக்கிழமை விடியற்காலையில் சென்னைக்கு வந்து ஞாயிறு இரவு ஊர் திரும்பும் குடும்பங்கள், எழும்பூரிலும் தியாகராய நகரிலும் அறை தேடி அலைவதைவிட, தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நெல்லை, பொதிகை, பாண்டியன் முதலான விரைவு ரயில்கள் எழும்பூரை அடைவதற்கு முன்பே தாம்பரத்தில் நின்றுதான் போகின்றன. கைக்குழந்தையும் வயதானவர்களும் உடன் வரும்போது, அங்கேயே இறங்கிச் சற்று நேரத்தில் குளித்து முடித்துவிடலாம் என்பது பெரிய நிம்மதி.

நாங்கள் தங்கியது மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெருவில் உள்ள நடுத்தர லாட்ஜ். ஏசி இல்லாத இருவர் அறைக்கு நாள் வாடகை 1,100 ரூபாய். அதன் மேல் 5 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இந்த விகிதம்தான் நடைமுறையில் இருக்கிறது என்பதால், இன்னமும் பழைய 12 சதவீதத்தைக் கணக்கிட்டு யாரேனும் ரசீது எழுதினால் தயங்காமல் கேட்க வேண்டும். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்தவையாக இருந்தன, மின்விசிறி நன்றாகச் சுற்றியது, குளியலறையில் தண்ணீர் தடையின்றி வந்தது. வெந்நீர் காலையில் மட்டும்தான்; ஜன்னலில் கொசுவலை இல்லை. சாலையைப் பார்த்த அறைகளில் லாரிகளின் ஹாரன் ஒலி இரவு முழுவதும் கேட்கும் என்பதால், பின்பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவது அவசியம். இந்த வாடகைக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

வாடகையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, நாள் கணக்கை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். நேரில் அறை தரும் பழைய லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை 6 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை 6 மணி வரை ஒரு நாள். செயலிகளின் வழியே பதிவாகும் அறைகளிலோ பெரும்பாலும் நண்பகலை ஒட்டி நாள் மாறுகிறது. சனிக்கிழமை காலை 6 மணிக்கு நுழைந்து ஞாயிறு இரவு 8 மணிக்குக் கிளம்பும் ஒருவருக்கு முதல் முறையில் இரண்டு நாள் வாடகையோடு முடிந்துவிடும்; இரண்டாவது முறையில், முன்னதாக நுழைந்ததற்கு ஒரு நாள், பிறகு ஒரு நாள், ஞாயிறு நண்பகலுக்குப் பின் தங்கியதற்கு இன்னொரு நாள் என்று மூன்று நாள் வாடகை கேட்கப்படலாம். ஆகவே 850 ரூபாய் என்று கைப்பேசித் திரையில் தெரியும் அறைக்கு வரி நீங்கலாக 2,550 ரூபாயும், 1,100 ரூபாய் அறைக்கு 2,200 ரூபாயும் ஆகக்கூடும். நாங்கள் தங்கிய இடத்தில் வரவேற்பில் இருந்தவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே இந்த விவரத்தைச் சொல்லி, நுழைந்த நேரத்தை ரசீதிலும் எழுதிக் கொடுத்தார். அந்த நேர்மைக்காகவே அந்த இடத்தை உறவினர்களுக்குப் பரிந்துரைத்து வருகிறேன்.

நகருக்குள் போய்வருவதற்கு மின்சார ரயில் இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் தொடங்கிய இந்தச் சேவைதான் இன்றும் சென்னையின் தென்பகுதிக்கு உயிர்நாடி. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை சாதாரண இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். பயண நேரம் சுமார் ஒரு மணி. துணி எடுக்கப் போகிறவர்கள் மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. வடபழனி, கோயம்பேடு பக்கம் போக வேண்டியவர்கள் பரங்கிமலையில் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். மெரினாவுக்குப் போகிறவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள பூங்கா நகர் நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கமோ திருவல்லிக்கேணியோ போகலாம். கூட்டத்தைத் தாங்க முடியாதவர்களுக்காக, 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய் என்றாலும், வெயில் காலத்தில் முதியவர்களுக்கு அது வீண் செலவு அல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்களின் எண்ணிக்கை குறைவு; பராமரிப்புப் பணிக்காகச் சில சேவைகளை ரத்து செய்வதும் வழக்கம். முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் முந்தைய நாளே ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை போனால் வாடகை இன்னும் குறையும் என்று பலரும் சொல்கிறார்கள். அது உண்மைதான் என்றாலும், அங்கே கிடைக்கும் அடுக்ககக் குடியிருப்பு அறைகள் பலவும் நிலையத்திலிருந்து தொலைவில், பேருந்து எளிதில் கிடைக்காத உட்புற நகர்களில் இருக்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு முறை ஆட்டோ பிடித்தால் மிச்சப்படுத்திய பணம் அதிலேயே போய்விடும். 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதி ஓரளவு பொருந்தும், அதுவும் சமைத்துச் சாப்பிட வசதி தேவைப்படும் பெரிய குடும்பமாக இருந்தால்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, நிலையத்தைச் சுற்றியும் சண்முகம் சாலையிலும் இட்லி, பொங்கல் முதல் பிரியாணி வரை எல்லா விலையிலும் கிடைக்கிறது. கிழக்குப் பக்கம் சற்று அமைதியானது என்றாலும், பெட்டிகளோடு நடைமேம்பாலம் ஏறி இறங்க முடியாதவர்கள் தாங்கள் எந்தப் பக்கம் இறங்கப் போகிறோம் என்பதை லாட்ஜில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம். முகூர்த்த நாட்களில் திருமண வீட்டார் அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவதால் அந்த வாரங்களில் தொலைபேசியில் முன்பணம் கட்டிவிட வேண்டும். தங்கும் பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். இரவு வெகுநேரம் வடசென்னையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ வேலை இருப்பவர்களுக்குத் தாம்பரத்தை நான் சொல்ல மாட்டேன். தூரம் அவர்களை அலைக்கழித்துவிடும்.

இன்னொன்று, திரும்பும் டிக்கெட்டை எழும்பூரிலிருந்து எடுத்திருப்பவர்கள், ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டால், எழும்பூரில் ஏறாதவரின் படுக்கையைப் பரிசோதகர் காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு ஒதுக்கிவிடக்கூடும்.