சமன்பாடு போட்டுப் பழக ஒரு ஆப்: நல்லாத்தான் இருக்கு, பின்னம் வர்ற வரைக்கும்

பொண்ணுக்காக இறக்குன ஆப், ஒரு மாறி (எக்ஸ்னு போடுற தெரியாத எண்) உள்ள சமன்பாடு மட்டும் போட்டுப் பழகுறதுக்கு. பேரு வேணாம், கீழ கொஞ்சம் திட்டப்போறேன்.

மொதல்ல புடிச்சது. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்"னு மனப்பாடம் பண்ற கதையே இதுல கிடையாது. 5எக்ஸ் − 7 = 2எக்ஸ் + 8னு கணக்கு வந்தா, ரெண்டு பக்கமும் என்ன செய்யணும்னு நாமதான் சொல்லணும், 2எக்ஸ கழிச்சா 3எக்ஸ் − 7 = 8, அப்புறம் 7 கூட்டுனா 3எக்ஸ் = 15, 3ஆல வகுத்தா எக்ஸ் = 5. ஒரு பக்கம் மட்டும் கழிச்சா ஏத்துக்காது. அந்த 5அ திரும்ப கணக்குல போட்டு ரெண்டு பக்கமும் 18 வருதுன்னு காட்டுனாத்தான் அடுத்ததுக்கே விடும், இதுக்காகவே ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா.

பிராக்கெட்டும் பரவால்ல. 10 − 2(எக்ஸ் − 3) = 4ல பசங்க விழுறது அந்த மைனஸ்லதான், +6 வரவேண்டிய எடத்துல −6 போட்டா எக்ஸ் 0னு வரும், சரியான ஆன்சர் 6. ஆப் தப்புன்னு சிவப்பு காட்டிட்டு நிக்காம, மைனஸ் 2ஐயும் மைனஸ் 3ஐயும் பெருக்குனா எவ்ளோன்னு தனியா கேக்குது. நல்ல வாத்தியார் கேக்குற கேள்வி.

கடுப்பு ஆரம்பிக்கிறது பின்னத்துலதான். எக்ஸ்/2 + எக்ஸ்/3 = 10. எல்சிஎம், அதாவது 2, 3 ரெண்டாலயும் வகுபடுற சின்ன எண், 6, ரெண்டு பக்கமும் 6ஆல பெருக்கிட்டா 3எக்ஸ் + 2எக்ஸ் = 60, எக்ஸ் = 12, முடிஞ்சுது. ஆனா இது அத தப்புங்குது! மொதல்ல பின்னத்தக் கூட்டி 5எக்ஸ்/6 ஆக்கணுமாம், அது போற வழியில போனாத்தான் மார்க்காம். ரெண்டும் சரியான வழிதானேய்யா, இதுல சுருக்கமா போறவளுக்கு எதுக்கு தப்பு போடுற.

2(எக்ஸ் + 1) = 2எக்ஸ் + 5 குடுத்தா "தீர்வு இல்லை"னு ஒத்த வரி, அவ்ளோதான். 2 = 5னு வந்து நிக்குறதக் காட்டிருந்தா புள்ளைக்கே புரிஞ்சிருக்கும். அந்த 5அ 2ஆ மாத்துனா எந்த எண்ணப் போட்டாலும் சரியா வரும், அதுக்கும் அதே மாதிரி ஒரு வரிதான்.

வார்த்தைக் கணக்குல இன்னும் மோசம். அடுத்தடுத்த மூணு எண்ணோட கூடுதல் 72னு இருந்தா, 3எக்ஸ் + 3 = 72னு அதுவே எழுதிக் குடுத்துருது, மிச்சம் 23, 24, 25னு கண்டுபுடிக்கிறதா பெரிய வேலை? சமன்பாடா எழுதுறதுதானே கஷ்டமே.

5க்கு 3 குடுக்கலாம். வாங்குறவங்க செட்டிங்ஸ்ல போட்டோ எடுத்து ஆன்சர் காட்டுற வசதிய மட்டும் ஆஃப் பண்ணிட்டு பசங்க கையில குடுங்க, பாஸ்வேர்ட் போடுற வசதியும் அங்கயே இருக்கு.