தட்டு மாற்றும் டிரெஸ்ஸாஜ் சேணம்: வாங்கலாமா?

குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக்காட்டும் போட்டியான டிரெஸ்ஸாஜில் ஆள் இருப்பார், குதிரை மாறும். ஜெர்மன் வீராங்கனை இசபெல் வெர்த் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜிகோலோ என்ற குதிரை மீது வந்தார். 2008 பெய்ஜிங்கில் சாட்ச்மோ, 2016 ரியோவில் வைஹெகோல்ட், 2024 பாரிஸில் வெண்டி. இத்தனை வருடம் இதில் நிற்க நினைப்பவருக்கு, முன்வளைவின் அகலத்தைத் தீர்மானிக்கும் கல்லட் தட்டைக் கழற்றி மாற்றும் சேணம் கண்ணில் படாமல் இருக்காது. "ஒரே சேணம், எல்லாக் குதிரைக்கும்" என்றுதான் விற்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

தட்டு மாற்றுவது சுலபம். குதிரை முதுகில் படும் திணிப்பான பேனலின் முன்பகுதியை விலக்கி, திருகைக் கழற்றி, வேறு அகலத் தட்டைப் போட்டு முறுக்கினால் முடிந்தது. ஆனால் மாறுவது தோள்பட்டைக்கு மேலுள்ள அகலம் மட்டுமே. உள்ளிருக்கும் சேண மரத்தின், அதாவது சேணத்தைத் தாங்கும் சட்டத்தின், வளைவு அப்படியே இருக்கும். முதுகு நேராக உள்ள குதிரையில் வளைந்த மரம் ஊஞ்சலாடும். குழிந்த முதுகில் நேரான மரம் இரு முனைகளில் மட்டும் அழுத்தி, நடுவில் பாலம்போல் தூக்கி நிற்கும். எந்தத் தட்டும் இதைச் சரிசெய்யாது.

தட்டு அகலம் கூடினால் முன்பக்கம் இறங்கி, ஆள் முன்னால் சாய்வார். குறைந்தால் முன்பக்கம் எழும்பி, பாரம் முழுக்கப் பின்பேனலில் விழும். ஆள் ஏறிய பிறகு குதிரையின் தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முதுகெலும்பு செல்லும் கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும். பேனல் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அகலமான தட்டைப் போட்டுவிட்டு மெத்தைமேல் மெத்தை அடுக்குவது பரவலான வைத்தியம், ஆட்டம்தான் கூடும்.

கம்பளி அடைத்த பேனலுக்கே என் ஓட்டு. புதுக் கம்பளி சில மாதத்தில் அமுங்கும்; அப்போது ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பெரிது. சேணம் ஒரு பக்கமாகத் திரும்புவது பெரும்பாலும் அதனால்தான். கம்பளியைக் கூட்டிக் குறைத்து அதைச் சமன்செய்யலாம். ஃபோம் பேனலில் அந்த வாய்ப்பே இல்லை.

இனி, கடையில் மயக்கும் பகுதி: ஆழமான இருக்கை, தொடைக்கு முன்னால் தாங்கும் தடித்த நீ பிளாக். முதல் தடவை உட்கார்ந்ததும் சிட்டிங் டிராட் (எழும்பாமல் உட்கார்ந்தபடி ஓட்டும் துள்ளுநடை) வெண்ணெயாக வரும். குதிரை முன்னாலும் பக்கவாட்டிலும் ஒருசேர நகரும் ஹாஃப்-பாஸில்தான் சாயம் வெளுக்கும். உள்பக்க இருப்பெலும்புக்கு எடையை நகர்த்த முடியாமல் இடுப்பு பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் ஃப்ளையிங் சேஞ்ச் (ஓட்டத்தில் முன்னணிக் காலை மாற்றுவது) கேட்கும்போது, தொடை பிளாக்கில் முட்டி, மேல்உடல் ஆடும். சும்மா உட்காரும்போது தொடைக்கும் பிளாக்குக்கும் இடையே இரண்டு விரல் நுழையவில்லை என்றால் சின்ன பிளாக்கை மாட்டுங்கள். வெல்க்ரோவில் ஒட்டும் வகை வியர்வையில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், அதையும் கவனியுங்கள்.

சேணத்தை வயிற்றடியில் கட்டும் பட்டையான கர்த் டிரெஸ்ஸாஜில் குட்டையானது என்பதால் பக்கிள் குதிரையின் முழங்கைக்குப் பின்னால் இடிக்காத அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே முடி தேய்ந்திருந்தால் அளவு தவறு.

பழைய சேணம் வாங்குகிறவர் முன்முனையையும் பின்முனையையும் பிடித்து ஒன்றையொன்று நோக்கி அழுத்திப் பாருங்கள். லேசாக வளைந்து திரும்பினால் பரவாயில்லை. இருக்கை நடுவில் மடிந்து தோல் சுருங்கினால் மரம் உடைந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.