டிரையர் ஹீட்டரில் ஹை குரோம் கிரேட் பார்: சில வருட அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டிரையர் ஹீட்டர், அதாவது தேயிலையை உலர்த்தச் சூடான காற்று தரும் விறகு அடுப்பு, என் பொறுப்பு. விறகு பெரும்பாலும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), கிடைத்தால் சீகை (வாட்டில் மரம்). எரியும் விறகைத் தாங்கும் கிரேட் பாரில், சாதா வார்ப்பிரும்பை எடுத்துவிட்டு ஹை குரோம் (குரோமியம் அதிகம் கலந்த வார்ப்பிரும்பு) போட்டுச் சில வருடம் ஆகிறது.

பழைய பார் எப்படிப் போகும் என்று ஹீட்டர் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஊட்டி வர்க்கி மாதிரி அடுக்கடுக்காகப் பொருக்கு உரியும். 570 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் மேல் வூஸ்டைட் என்ற ஆக்ஸைடு உருவாகும், அதன் வழியாக இரும்பு சுலபமாக வெளியே நகர்ந்துகொண்டே இருப்பதால் பொருக்கு கிடுகிடுவென்று தடிக்கும். போதாததற்கு உள்ளே இருக்கும் இரும்புக் கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்தது) சூட்டில் பிரிந்து இரும்பும் கிராஃபைட்டுமாகிறது, அதற்கு இடம் கூடுதலாகத் தேவை, பார் வீங்கி இடைவெளியை அடைக்கும், கீழிருந்து காற்று வராத இடம் இன்னும் பழுக்கும்.

குரோம் பாரில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. மெல்லிய கறுத்த படலம், சுரண்டினாலும் லேசில் வராது. ஆனால் 'குரோம் 25 சதவீதம்' என்று ஃபவுண்டரியில் சொன்னதும் வாங்கிவிடாதீர்கள். வேறு ஃபவுண்டரியிலிருந்து வந்த ஒரு லாட் சீக்கிரமே உரிய ஆரம்பித்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் குரோம் சரியாகத்தான் இருந்தது, கார்பன் 3 சதவீதத்தை ஒட்டி. கார்பன் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடும். அப்படிப் போன குரோமியம் போக மீதி இரும்பில் கரைந்திருப்பதுதான் மேலே காப்புப் படலம் போடும். கார்பன் கூடினால் தேய்மானத்துக்கு நல்லது, அரவை மில்லுக்குப் போகட்டும், நெருப்புக்கு வேண்டாம். நான் இப்போது 2-க்குக் கீழே கேட்டுத்தான் வாங்குகிறேன்.

குறைகளும் உண்டு. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம், அது குரோமியம் ஆக்ஸைடையே அரிக்கும், ஐப்பசி மழையில் ஈர விறகு போட்டால் நீராவியும் சேர்ந்துகொள்ளும். அதனால் கட்டி பிடித்த சாம்பலை ஷிஃப்டுக்கு ஷிஃப்டு இழுத்துவிடுங்கள். பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்து நாள்விட்டு நாள் ஓடும்போது சூடும் குளிருமாக மாறிமாறிப் படலம் விண்டுவிடும், அதற்கு வழி கிடையாது.

அப்புறம், கார்பைடு இருப்பதால் இது உடையும். கடப்பாரையால் குத்துவது, சூட்டில் தண்ணீர் ஊற்றுவது, இரண்டும் கூடாது. உடைந்ததை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள், பெரும்பாலும் பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும்.