வீட்டிலேயே பூட்டிச் சேர்த்த கணினி: சில வருடங்களுக்குப் பிறகு

2021 கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினி, இன்றும் அதே மேஜையில் தினமும் ஓடுகிறது. புதிதாக வாங்கிய கையோடு எழுதும் விமர்சனங்களில் வேகமும் மதிப்பெண்ணும்தான் இருக்கும். வருடக்கணக்கில் பயன்படுத்திவிட்டு எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. நம் வீடுகளில் ஒரு கணினி எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பிராசசர் முடிவு செய்வதில்லை. சுவர் பிளக்கில் வரும் கரண்ட்டும் அதை வாங்கிப் பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியும்தான் முடிவு செய்கின்றன. முதன்முறை கணினி பூட்டுகிறவர்கள் மிச்சம் பிடிப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

அந்த வருடம் கிராஃபிக்ஸ் கார்டு விலை தொட முடியாத உயரத்தில் இருந்தது. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ மைனிங் இன்னொரு பக்கம். அதனால் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் எடுத்தேன். 6 கோர், 12 த்ரெட், 65 வாட், பெட்டியிலேயே கூலரும் வரும். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று நினைத்து 5600 அல்லது 5600எக்ஸ் வாங்கினால் மதர்போர்டில் உள்ள, மானிட்டர் வயர் செருகும் எச்டிஎம்ஐ துளையில் படம் வராது, அவற்றுக்குத் தனி கார்டு கட்டாயம். இன்டெல்லில் எஃப் என்று முடியும் மாடல்களும் அப்படித்தான். "எல்லாம் பூட்டியாச்சு, டிஸ்ப்ளே வரல" என்று வரும் போன் அழைப்புகளில் நான் முதலில் கேட்பது பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைத்தான்.

ராம் 16 ஜிபி, எட்டு எட்டாக இரண்டு குச்சி. ஒரே குச்சியாக வாங்கினால் பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்று கடையில் சொல்வார்கள். உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கும் பிராசசருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கிராஃபிக்ஸும் அதே ராமைத்தான் பங்கு போடுகிறது, இரண்டு குச்சி இருந்தால்தான் அதற்குப் போதுமான பாதை கிடைக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். வேகம் 3200 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கும்வரை அது 2133 அல்லது 2400 அளவில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் உண்மை வேகம் தெரியும். வாங்கி வருடங்கள் ஆகியும் இதைப் பார்க்காதவர்கள் நிறைய பேர்.

பூட்டும் நாளில் நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: கேபினட்டுக்குள் வைப்பதற்கு முன் போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். பல போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் கோளாறு. முதல் தடவை சற்று நேரம் கறுப்புத் திரையாகவே இருக்கும், தானாக அணைந்து எரியவும் செய்யும். ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ள போர்டு எடுக்கும் நேரம் அது, பதறிப்போய் சுவிட்சை அணைக்க வேண்டாம்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பெரிய விஷயம் வந்தது. வெறும் காலோடு நின்று கேபினட்டின் பின்புற ஸ்க்ரூவைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஏறும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிந்தது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எஸ்எம்பிஎஸ் நன்றாகவே இருந்தது. கரண்ட் நுழையும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். கசியும் அந்தத் துளி கரண்ட் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் உடல் முழுக்க 230 வோல்ட்டில் பாதி, 115 வோல்ட் சுமாருக்கு நிற்கும். ஆளைத் தூக்கி எறிகிற கரண்ட் இல்லை அது. ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி செருகும் நேரத்தில் மானிட்டரையோ போர்டையோ அது பதம் பார்க்கலாம்.

மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே 230 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் பிளக்கில் பேஸ் எர்த் கணக்கு ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவர் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், மேல ஓட்டை மட்டும்தான் இருக்கு, பின்னாடி வயரே வரல" என்றார். பழைய வீடு. லைட், ஃபேனுக்கென்று இழுத்த இரண்டு வயரில் பிறகு யாரோ மூன்று பின் பிளக்கை மாட்டிவிட்டிருந்தார்கள். வீட்டு மெயின் சுவிட்ச் போர்டிலிருந்து தனியாக எர்த்துக்கான பச்சை வயர் இழுத்தோம், சுருசுருப்பு அன்றோடு போய்விட்டது.

சிலர் வேலையைச் சுருக்கமாக முடிக்க பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில், கேபினட்டோடு சேர்த்து இலவசம் போலக் கொடுத்த பெயரில்லாத 450 வாட் பெட்டியை வேண்டாமென்றுவிட்டு, தனியாக 550 வாட் ஒன்று வாங்கினேன். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. "இந்த சிஸ்டத்துக்கு இது போதும் சார்" என்றார். அன்றைய தேவைக்குப் போதும் என்பது உண்மைதான். ஆனால் பிறகு கிராஃபிக்ஸ் கார்டு விலை இறங்கியதும் ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டை வாங்கிச் செருகினேன். 132 வாட் தின்னும் அந்தக் கார்டுக்கு எட்டு பின் இணைப்பு வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் அது தயாராக இருந்ததால் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வாங்கும்போது 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போகிறது என்பதற்கான முத்திரை அது, ஷார்ட் ஆனால் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது. பாதுகாப்பு வசதிகளும் வாரண்டி வருடமும் பெட்டியில் தனியாக இருக்கும், அதைப் படியுங்கள்.

கரண்ட் போகும்போது என்ன ஆகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கணினியை அதில் போடுகிறோம், கரண்ட் போனதும் ரீஸ்டார்ட் ஆகிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் நின்ற பிறகும் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16, 17 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள அதைவிட அதிக நேரம் எடுக்கும், யுபிஎஸ் மோடில் அதற்குள் மாறிவிடும். புது யுபிஎஸ் வாங்கும் முன் அந்தச் சுவிட்சைப் பார்த்துவிடுங்கள்.

இத்தனை வருடத்தில் உண்மையாகவே கெட்ட பாகம் ஒரு ராம் குச்சி. கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பிரௌசரில் பக்கங்கள் நிறைய திறந்தால் நீலத் திரை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம். விண்டோஸை மறுபடி போடு, டிரைவரை மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காரணம் மாறி மாறி வந்தால் ராமைச் சந்தேகப்பட வேண்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையில் திரையெங்கும் சிவப்பு வரிகள். பிறகு ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் அதே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தபோது எது என்று தெரிந்துவிட்டது. ஜோடியாக விற்ற பொருள் என்பதால் சர்வீஸ் சென்டரில் இரண்டையும் வாங்கிக்கொண்டு புது ஜோடி கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் இருந்ததால்தான் அது நடந்தது. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் குறைவு உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது நம் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும் நேரமெல்லாம் போர்டின் கடிகாரம் சிஆர்2032 என்ற காசு பேட்டரியில்தான் ஓடுகிறது. அதனால் நமக்கு அது சீக்கிரம் தீரும். ஒரு காலையில் இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று பிரௌசர் சொல்லும், தேதியைப் பார்த்தால் வருடக்கணக்கில் பின்னால் இருக்கும். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும், அதோடு எக்ஸ்எம்பியும். கணினி திடீரென்று மந்தமாகிவிட்டது என்று எஸ்எஸ்டி மாற்றப் போகிறவர்கள், வாட்ச் கடையில் கிடைக்கும் இந்தப் பேட்டரியை முதலில் மாற்றிப் பார்க்கலாம்.

தூசி தட்டும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். கூலரைக் கழற்ற வேண்டியிருந்தால் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் இந்த மாதிரி பிராசசரில் 1331 பின்களும் அதன் அடியில்தான் இருக்கின்றன. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை மட்டும் இயக்கி 11க்கு மாறினேன், பாகம் எதையும் மாற்றவில்லை. இப்போதும் கணக்கு வேலைகளுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அவ்வப்போது வீடியோ வெட்டுவதற்கும் இந்த வேகம் தாராளமாகப் போதும். அடுத்து மாற்ற நினைப்பது பிராசசரை மட்டும்தான். இதே போர்டில் எட்டு கோர் பிராசசரும் உட்காரும். ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் புது போர்டும் புதுத் தலைமுறை டிடிஆர்5 ராமும் சேர்த்து வாங்குவதைவிட அதுதான் எனக்குக் கட்டுப்படியாகிறது.