ஆறு மழைக்காலம் தாண்டிய வீடு: சதுர அடி ஒப்பந்தத்தில் கட்டியதில் எது நின்றது, எது ஒழுகியது

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண் பகுதி. சொந்த மனை. தரைத்தளம் 950, மேல்தளம் 900, ஆக 1,850 சதுர அடி. பொருளும் கூலியும் சேர்த்து ஒரு கட்டுமான நிறுவனத்திடம் சதுர அடிக் கணக்கில் கொடுத்துக் கட்டிய வீடு. 2019 தொடக்கத்தில் சாவி கைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே மாதிரி ஒப்பந்தத்தைத்தான் ஊரில் பாதி நிறுவனங்கள் நீட்டுகின்றன.

ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் தூண், பீம், கூரை எதிலும் குறை இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தெருவில் முட்டிவரை தண்ணீர் நின்றபோதும் அஸ்திவாரம் அசையவில்லை. தொந்தரவு எல்லாம் தண்ணீர் போகும் இடங்களில்தான்: குளியலறைத் தளம், மொட்டைமாடி ஓரம், சன்னல் தலை. வேலை நடந்த காலத்தில் உரிமையாளரும் நிறுவனமும் மல்லுக்கட்டியது டைல்ஸ் விலைக்கும் பெயிண்ட் பிராண்டுக்கும். ஒழுகிய இடம் ஒன்றைப் பற்றிக்கூட ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது.

ஒப்பந்தத்திலிருந்தே தொடங்கலாம். சதுர அடி விலையைவிட, எதையெல்லாம் சதுர அடி என்று எண்ணுகிறார்கள் என்பதுதான் பெரிய தொகை. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 120 சதுர அடி போர்டிகோவை முழுதாக எண்ணினால் 2,88,000 ரூபாய், பாதியாக எண்ணினால் 1,44,000. பால்கனி, மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம், சுவருக்கு வெளியே நீளும் லாஃப்ட் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி உண்டு. கையெழுத்துக்கு முன்பே வரைபடத்தின் மேல் வண்ணம் தீட்டி, இது முழு, இது பாதி, இது கணக்கில் இல்லை என்று குறித்து இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல் ஆகியவை பெரும்பாலும் சதுர அடிக்குள் வராது. சம்ப்பை லிட்டர் கணக்கிலும் சுவரை நீள அடிக் கணக்கிலும் தனியாகப் போடுவார்கள்.

ஜிஎஸ்டி அடுத்த பள்ளம். பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம். 1,850 சதுர அடிக்கு 2,400 வீதம் 44,40,000 ரூபாய் என்றால் வரி மட்டும் 7,99,200. பொருளை நீங்களே வாங்கி, தனி வீடு ஒன்றுக்குக் கூலி ஒப்பந்தம் மட்டும் போட்டால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் சிமெண்ட், கம்பி வாங்கும்போது கட்டும் வரி இருக்கவே செய்யும். ‘வரி தனி’ என்ற இரண்டு சொல்லை விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவது வழக்கம். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பேஸ்மென்ட் (வீட்டுத் தரையைத் தூக்கி நிறுத்தும் அடிமேடை) உயரம் 3 அடி என்றால், எதிலிருந்து 3 அடி? மனையின் மண்மட்டத்திலிருந்து என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளமாக இருந்தால், ரோட்டுக்கு மேல் மிஞ்சுவது ஒன்றரை அடிதான். சென்னைப் புறநகரில் பழைய ரோட்டைச் சுரண்டாமலே அதன்மேல் புது ரோடு போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனவே அளவை ரோட்டின் நடுமட்டத்திலிருந்து எழுத வேண்டும். அஸ்திவார ஆழமும் இப்படியே. ஒப்பந்தத்தில் 5 அடி என்று இருக்கும். களிமண்ணில் அது போதாது என்று குழி தோண்டிய பிறகு சொன்னால், எக்ஸ்ட்ரா கட்டணத்துக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினால் இந்தச் சிக்கலே வராது.

பணம் கொடுக்கும் கட்டங்கள் இந்த வீட்டில் இப்படி: முன்பணம் 10, பேஸ்மென்ட் முடிந்ததும் 20, தரைத்தளக் கூரை 20, மேல்தளக் கூரை 20, சுவரும் பூச்சும் 15, டைல்ஸும் பெயிண்டும் 10, சாவி 5 சதவீதம். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். கூட்டிப் பாருங்கள். இரண்டு கூரையும் போட்டு முடித்த நாளில் 70 சதவீதம் கைமாறிவிடுகிறது, வேலையின் மதிப்போ ஏறக்குறைய பாதிதான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதில் ரகசியம் இல்லை. கூரைக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களும் நல்ல கொத்தனார்களும் புதிதாக முன்பணம் வாங்கிய அடுத்த சைட்டுக்குப் போவார்கள். மிச்ச வேலைக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள் வருவார்கள். இந்த வீட்டில் கூரை வரை உறுதியாகவும் அதற்குப் பிறகு தளர்வாகவும் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, இந்த அட்டவணை.

கட்டங்களை இன்னும் சிறிதாக உடைக்கலாம். கூரைகளுக்குத் தலா 15 போதும். நீர்க்கசிவுத் தடுப்பு வேலையைத் தனிக் கட்டமாக்கி, தண்ணீர் தேக்கிச் சோதித்துக் காட்டிய பிறகுதான் பணம் என்று எழுதலாம். கடைசியில் 10 சதவீதம் நிறுத்தி, அதில் பாதியை ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை கடந்த பிறகு கொடுப்பதாகப் பேசலாம். நிறுவனங்கள் முதலில் முறைக்கும். வேலை தேவைப்படும் நிறுவனம் ஒப்புக்கொள்ளும். வங்கிக் கடன் என்றால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: வங்கி பணம் விடும் கட்டங்களும் நிறுவனம் கேட்கும் கட்டங்களும் பொருந்தாவிட்டால் இடைவெளியை உங்கள் சேமிப்புதான் நிரப்பும்.

கட்டமைப்பு நன்றாக வந்ததற்குப் பாராட்டு நிறுவனத்தின் சைட் இன்ஜினியருக்கு. கான்கிரீட் ஆலையிலிருந்து லாரியில் வந்தது. 900 சதுர அடிக்கு 5 அங்குலக் கூரை என்றால் பீம் சேர்க்காமலே சுமார் 10.5 கன மீட்டர், குறைந்தது இரண்டு லாரி. ஒவ்வொரு லாரியின் சீட்டிலும் கலவை ஏற்றிய நேரம் இருக்கும். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. போக்குவரத்தில் மாட்டி இறுகிய கலவையில் டிரைவர் தண்ணீர் ஊற்றி இளக்குவதுதான் கண்ணில் படாத கொலை. அங்கே ஓர் ஆள் நின்று தடுக்க வேண்டும். 15 செ.மீ. கனச்சதுர மாதிரிகளை ஒவ்வொரு கூரைக்கும் ஆறு எடுத்து, மூன்றை 7ஆம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் உடைத்தார்கள். எம்20 தரக் கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டன் வர வேண்டும். 7 நாளில் 13 வந்தால் போகிற பாதை சரி.

கம்பியில் பிராண்டைவிட எடையும் கவர் பிளாக்கும் (கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) முக்கியம். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மி.மீ. 0.888 கிலோ. ஒரு முழுக் கம்பியை எடைபோட்டால் தெரிந்துவிடும். கூரையில் கம்பிக்கு அடியில் 20 மி.மீ., தூணில் 40 மி.மீ., அஸ்திவாரத்தில் 50 மி.மீ. கான்கிரீட் மூட வேண்டும். ஜல்லியைச் சொருகி இதைச் சமாளிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கவர் பிளாக் வாங்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

நீராற்றுவதில்தான், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுக விடும் க்யூரிங்கில்தான், ஒப்பந்தம் கைகழுவியது. ‘க்யூரிங் தண்ணீர் உரிமையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரி. தண்ணீர் உரிமையாளருடையது என்றால், ஊற்றும் ஆள் யார்? இதை எழுதாவிட்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள். கலப்பு சிமெண்ட் போட்ட கான்கிரீட்டுக்கு நம் வெயிலில் 14 நாள் வேண்டும். கூரைக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது சுலபம், அதைச் செய்தார்கள். தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதும், பூச்சுக்குத் தெளிப்பதும்தான் விட்டுப்போகும். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தாண்டினால் லாரித் தண்ணீர்தான்.

இனி குளியலறை. மேல்தளக் குளியலறைக்காகக் கூரையை 9 அங்குலம் இறக்கிப் போட்டிருந்தார்கள். மூன்றாம் வருடம் கீழ்த்தள ஹால் சுவரில் ஓதம் ஏறி, பட்டி உப்பி, பெயிண்ட் பொரிந்தது. திறந்து பார்த்ததில், இறக்கிய பள்ளத்தில் நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து ஒரே ஒரு பூச்சு, அதுவும் சுவரில் ஏறவில்லை. அதன்மேல் உடைந்த செங்கல், காய்ந்த கலவை, மண் என்று சைட்டில் கிடந்ததை எல்லாம் கொட்டி நிரப்பியிருந்தார்கள். கழிவுக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையைச் சுற்றிச் சும்மா கலவை அப்பியிருந்தது. டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் இந்தக் குப்பையில் ஊறி, ஓட்டை வழியாக வெளியேறியது.

முறை இதுதான். பள்ளத்தைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலைகளை வளைவாகப் பூச வேண்டும். குழாய் ஓட்டைகளைச் சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை, முடிந்த தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி வரை, ஷவர் பக்கம் 6 அடி வரை அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் விட்டு, கீழே கூரையைப் பார்க்க வேண்டும். பிறகுதான் குழாய், நிரப்பு, அதன்மேல் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) கொடுத்த கலவை, மறுபடி ஒரு பூச்சு, கடைசியில் டைல்ஸ். பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து ஒரு சிறு குழாயை வெளியே விட்டு வைத்தால் எப்போதாவது இறங்கும் தண்ணீர் அங்கே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி நிரப்பினால் போதும் என்று பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். அது கொஞ்ச காலம் தாங்கும், அவ்வளவுதான். டைல்ஸ், நிரப்பு எல்லாம் எடுத்து மறுபடி செய்ததுதான் நின்றது.

மொட்டைமாடியில் வாட்டம் 100 அடிக்கு 1 அடியாவது வேண்டும், அதாவது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். இங்கே வாட்டம் சரி. மழைநீர் இறங்கும் குழாய் வாய்தான் தளத்தில் பதித்த தட்டோட்டைவிட அரை அங்குலம் உயரமாக இருந்தது. அந்த அரை அங்குலத் தண்ணீர் தேங்கி, கைப்பிடிச் சுவர் ஓரமாக இறங்கியது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சரிவாகக் கலவை வைத்து மருந்தைச் சுவரில் ஓர் அடி ஏற்றியிருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. சோலார் வைக்க வருபவர்கள் தளத்தில் துளை போட்டு போல்ட் அடிக்கத் துடிப்பார்கள். தளத்தின் மேல் கான்கிரீட் பீடம் வைத்து அதில் மாட்டச் சொல்லுங்கள்.

சன்ஷேட் அடியில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நீர் சொட்டும் காடி (பள்ளக் கோடு) இழுக்க மறந்தார்கள். மழை சன்ஷேட் அடியில் ஒட்டியே ஓடிச் சன்னல் தலைக்கு வருகிறது. பூச்சின்போது இழுத்தால் கைவேலை. பிறகு வெட்டினால் தூசியும் செலவும்.

சுவர் விரிசல்கள் எல்லாம் செங்கலும் பீமும் சேரும் கோட்டில். பக்கத்துக்கு ஆறு அங்குலம் படரும் கோழி வலையை ஆணியடித்துப் பூசினால் பெரும்பாலும் வராது. நாலரை அங்குலச் சுவரை ஒரே நாளில் கூரை வரை ஏற்றக் கூடாது. நாளுக்கு 5 அடிதான் எல்லை. அதே மெல்லிய சுவரில் எலக்ட்ரீஷியன் படுக்கையாகக் காடி வெட்டினால் பாதிக் கனம் போய்விடும். வயரிங்கில் வந்த ஒரே வம்பு, இன்வெர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒரு பெட்டியில் கலந்தது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது, பிரித்ததும் நின்றது.

சாவி கொடுத்த பிறகு நிறுவனம் எப்படி? முதல் வருடம் ஆள் அனுப்பினார்கள். பிறகு ‘10 வருட உத்தரவாதம்’ என்ற தாளைக் காட்டினால், அது தூண், பீம், கூரைக்கு மட்டும், கசிவு ஓராண்டுதான் என்றார்கள். தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. ரியல் எஸ்டேட் சட்டம் தரும் 5 வருடக் குறைநீக்கப் பொறுப்பு, கட்டி விற்கும் புரமோட்டரைப் பிடிப்பதற்கானது. சொந்த மனையில் கட்டித்தரும் ஒப்பந்ததாரரிடம் அதை நீட்ட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வீடு கட்டித் தருவதையும் சேவை என்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், புகாருக்கு இரண்டு வருட வரம்பு. போனில் பேசியதற்கு அங்கே மதிப்பு குறைவு. கசிவு தெரிந்த வாரமே படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த வீட்டில் ஆள் வந்ததும் அப்படி எழுதிய பிறகுதான்.

கடைசித் தவணைக்கு முன் வாங்கிக்கொள்ள வேண்டியவை: கம்பி வரைபடம், மாதிரிகள் உடைத்த அறிக்கை, பூச்சுக்கு முன் எடுத்த வயர், குழாய்ப் படங்கள், மோட்டார், ஹீட்டர் உத்தரவாத அட்டைகள், தற்காலிக மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்துக்கு மாற்றிய ரசீது. கூடவே செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது, எத்தனை அடி ஆழம், குழாய் எந்தப் பக்கமாக உள்ளே போகிறது என்று ஒரு சிறு வரைபடம். போர்டிகோவில் டைல்ஸ் ஒட்டிய பிறகு, கழிவு லாரிக்காரர் வந்து நின்று கேட்கும் முதல் கேள்வி அதுதான்.